காப்பு அவிழ்க்கும் இடத்தில் ஊசி

இருதயமேரி யாரிடமும் எதையும் கேட்க மாட்டாள். அவளிடம் உள்ள ஒரே கோளாறு அதுதான் என்று அவள் கணவர் டைட்டஸ் சொல்வார். என்னைக் கேட்டால் இன்னும் நாலைந்து சொல்வேன். பத்து வீடு தள்ளிக் கேட்கும்படி பேசுவாள். சாப்பிட உட்கார்ந்தால் தன் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே என் டப்பாவில் கை வைப்பாள். வரப்பு என்பது ஸ்கூட்டர் ஓட்டுவதற்காகப் போட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இருந்தாலும், எங்கள் தென்னஞ்சாவடியில் அறுபதைத் தாண்டியவர்களுக்கெல்லாம் கொரோனா ஊசி போட்ட கை அவளுடையதுதான். அதில் வேறு யாருக்கும் பங்கு கிடையாது.

நான் உமாமகேஸ்வரி. இதே ஊரில் பிறந்து இதே ஊரில் வாக்கப்பட்டவள். ஆஷா பணியாளர். யார் வீட்டில் யாருக்கு என்ன உடம்பு என்று தெரிந்து வைத்திருப்பதும், அவர்களை நிலையத்துக்குக் கூட்டி வருவதும் என் வேலை. ஊசி போடுவது, பிரஷர் பார்ப்பது, மாத்திரை கொடுப்பது எல்லாம் நர்ஸான மேரியின் வேலை.

காரைக்கால் பக்கம் விழிதியூரைத் தாண்டி வாய்க்கால் கரையோடு வந்தால் எங்கள் ஊர். மாரியம்மன் கோயிலுக்கு எதிரே இரண்டு அறை உள்ள கட்டடம், அதுதான் துணை சுகாதார நிலையம். இரண்டு நர்ஸ் இருக்க வேண்டிய இடம் அது. ஒரு அம்மா ஓய்வு பெற்றுப் போனார், அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. இன்னொருவரை, டவுனில் ஆள் போதவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் கதவில் பூட்டுதான் தொங்கியது. கொரோனா இரண்டாம் அலை வந்து எல்லாரும் அல்லாடியபோது அவசர அவசரமாகத் தற்காலிகப் பணிக்கு ஆள் எடுத்தார்கள். அப்படி வந்தவள் மேரி.

அவள் காரைக்கால் டவுன்காரி. அப்பா செல்வநாதன் தையல்கடை வைத்திருந்தார். நாகப்பட்டினத்தில் நர்சிங் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சில வருஷம் இருந்தாள். கல்யாணமானதும் திரும்பி வந்துவிட்டாள். டைட்டஸுக்குக் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரிகளுக்கு எடை போடும் இடத்தில் வேலை. நிலக்கரித் தூசியோடு வீட்டுக்கு வருவார். "எங்க வூட்டுல வெள்ளையா இருக்கிற துணி என் கோட்டு மட்டுந்தான் அக்கா, அதையும் அவரு பக்கத்துல காயப் போட மாட்டேன்" என்பாள். டவுனில் தனியார் ஆஸ்பத்திரிகள் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. இவள் தற்காலிக வேலைக்கு ஸ்கூட்டரில் தினமும் இவ்வளவு தூரம் வந்துகொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டால், "அங்க நோயாளிங்க வந்து படுத்திருப்பாங்க. இங்க நான் ஓடிப் பிடிக்கணும். அது நல்லாருக்கு" என்றாள். இதெல்லாம் ஒரு பதிலா?

ஓடிப் பிடித்தாள் என்பது மட்டும் உண்மை. முதல் ஊசியின்போது எங்கள் ஊரில் ஒரு புரளி. ஊசி போட்டுக்கொண்டால் இரண்டு வருஷத்தில் ஆள் காலி என்று யாரோ செல்போனில் பார்த்துவிட்டு வந்து சொல்ல, கிழடுகள் எல்லாம் எங்கள் தலையைக் கண்டாலே கொல்லைப்புறமாகப் போய்விட்டார்கள். அதில் முதல் ஆள் மருதையன். எழுபதைத் தாண்டிய மனிதர், ஊரில் எந்தக் காரியமானாலும் அவர் தலையசைக்க வேண்டும். ஊசி என்றதும் வயலில் போய் இறங்கிவிட்டார். நாற்றங்காலுக்குச் சேறு அடித்திருந்தார்கள். முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, முடிந்தால் வா என்பதுபோல் எங்களைப் பார்த்தார்.

மேரி செருப்பைக் கழற்றினாள். ஊசிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டாள். நான் அவள் சேலையைப் பிடித்து இழுப்பதற்குள் சேற்றில் இறங்கிவிட்டாள்.

"யாரும்மா நீ? எதுக்கு வயல்ல எறங்குற?"

"உங்களத் தேடித்தான் தாத்தா. கைய நீட்டுங்க."

"மாட்டேன்."

"அப்ப நானும் கரையேற மாட்டேன். நாத்தங்கால்ல என்னா வேல இருக்குன்னு சொல்லுங்க, சாயங்காலம் வரைக்கும் செய்யறேன். நான் செஞ்சா உங்க நாத்து வெளங்காது, அது உங்க இஷ்டம்."

மருதையன் முதலில் முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு காரியம் முடிந்தது. பம்ப்செட் மேடையில் உட்கார வைத்து ஊசி போட்டு, பக்கத்திலேயே அரை மணி நேரம் உட்கார்ந்து அவருடைய முதல் கல்யாணத்திலிருந்து கதை கேட்டாள். மறுநாளிலிருந்து மருதையனே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். முதல் ஊசியும் இரண்டாம் ஊசியும் அப்படித்தான் எங்கள் ஊரில் போட்டு முடிந்தது. கொம்யூன் பஞ்சாயத்து முழுக்க எங்கள் ஊர்ப் பேச்சாக இருந்தது என்று நானே சொன்னால் பெருமையடிப்பதாக இருக்கும். ஆனால் அப்படித்தான் இருந்தது.

அடுத்த வருஷம் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்றாவது ஊசி வந்தது. அதே வைகாசியில் எங்கள் மாரியம்மனுக்குத் திருவிழாவும் வந்தது. கொரோனாவால் இரண்டு வருஷம் திருவிழா நின்றுபோயிருந்ததால் இந்த முறை ஊரே காப்புக் கட்டிக்கொண்டது. எங்கள் பக்கத்தில் காப்பு என்றால் மஞ்சள் தோய்த்த நூல், ஆண்களுக்கு வலது மணிக்கட்டு, பெண்களுக்கு இடது. அதைக் கட்டிக்கொண்டால் கவிச்சி கிடையாது, துக்க வீட்டுக்குப் போகக் கூடாது, ராத்தங்கலாக ஊர் எல்லை தாண்டக் கூடாது. உடம்பில் ஊசியும் படக் கூடாது. அந்த நாட்களில் உடம்பு அம்மனுடையது. இதை யாரும் எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள், பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

டவுனில் பிறந்த குழந்தைக்குத் தெரியாது. காப்பு இருக்கும்போது ஊசி ஆகாது என்ற அளவுக்கு மேரிக்குத் தெரியும், அதை நான் சொல்லி வைத்திருந்தேன். எப்போது காப்பு அவிழ்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்து எனக்கு டைஃபாய்டு, வீட்டோடு படுத்திருந்தேன். அவள் தானாகவே ஒரு கணக்குப் போட்டாள். அவர்கள் மாதா கோயில் திருவிழாவில் கொடி ஏறும், நவநாள் ஜெபம் நடக்கும், பெரிய தேர் சுற்றும், மறுநாள் கொடி இறங்கும், முடிந்தது. மாரியம்மனுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்துவிட்டாள். தீமிதிதான் பெரிய நாள், எனவே தீமிதிக்கு மறுநாள் எல்லாம் முடிந்திருக்கும், ஊரும் கலையாமல் இருக்கும், முகாம் போட இதைவிட நல்ல நாள் ஏது? அலுவலகத்துக்குத் தேதி கொடுத்து, மருந்து வாங்கி, பந்தல்காரரிடம் நாற்காலிகூடச் சொல்லிவிட்டாள். என் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அக்கா படுத்திருக்கு, தொந்தரவு பண்ண வேண்டாம் என்று விட்டுவிட்டாளாம்.

எங்கள் ஊரில் தீமிதியோடு காப்பு அவிழாது. மஞ்சள் நீர் விளையாட்டு இருக்கிறது, அம்மன் வீதி வந்த களைப்பாற விடையாற்றி இருக்கிறது. அதெல்லாம் முடிந்துதான் காப்பு.

முகாம் அன்று காலையிலிருந்து அத்தனை நாற்காலிகளும் காலி. எதிரே கோயில் பந்தலில் ஊரே உட்கார்ந்திருக்கிறது, ஒருவரும் தெருவைத் தாண்டி வரவில்லை. வெயில் ஏறிய பிறகு ஒரே ஒரு ஆள் வந்தது. சொர்ணாம்பாள், கம்பு ஊன்றி நடக்கும் அம்மாள். பங்காளி வீட்டில் சாவு விழுந்து தீட்டு இருந்ததால் அவர்கள் வீட்டில் மட்டும் காப்புக் கட்டவில்லை.

ஒரு குப்பி மருந்தில் பத்துப் பேருக்குப் போடலாம். திறந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், மிச்சம் வீண். அதனால் ஆள் சேரும்வரை குப்பியைத் திறக்காதே என்பது மேலிடத்துப் பேச்சு. சொர்ணாம்பாள் மூச்சு வாங்க வந்து உட்கார்ந்திருக்கிறார். மேரி வாசலைப் பார்த்தாள், பந்தலைப் பார்த்தாள், குப்பியைத் திறந்துவிட்டாள். "அந்த வெயில்ல நடந்து வந்தவங்களப் போயிட்டு அப்புறம் வாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலக்கா" என்று பிறகு என்னிடம் சொன்னாள். ஒருவருக்குப் போட்டது, ஒன்பது வீண். அப்படியே மேலே தெரிவித்தாள். அதில் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

அதோடு விட்டாளா? போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே கோயில் பந்தலுக்குப் போய் மருதையன் முன்னால் நின்றாள். நான் அங்கே இல்லை, ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் எட்டுப் பேர் எட்டு விதமாக நடித்துக் காட்டிவிட்டார்கள்.

"தாத்தா, ஊர்ல ஒருத்தருக்கும் ஊசி வேண்டாமா?"

மருதையன் கையைத் தூக்கி நூலைக் காட்டினார். "காப்பு இருக்கும்மா."

"நேத்திக்கு தீமிதில ஒரு பையன் கன்னத்துல இந்தக் கடைசிலேர்ந்து அந்தக் கடைசி வரைக்கும் வேல் குத்திக்கிட்டு தெருவெல்லாம் நடந்தான். அதுக்குக் காப்பு ஒண்ணும் சொல்லல. என்னோட இம்மாத்துண்டு ஊசிதான் ஆகாதா?"

மருதையன் கோபப்படவே இல்லை. "அது ஆத்தா குத்திக்கிறது. இது கவர்மெண்டு குத்துறது. ரெண்டும் ஒண்ணா?" என்றார்.

பந்தலே சிரித்திருக்கிறது. மேரிக்கு வாயடைத்துப் போயிற்று. நான் அறிந்தவரை அவளுக்கு வாயடைத்தது அந்த ஒரு தடவைதான், அதைப் பார்க்காமல் டைஃபாய்டில் கிடந்தேனே என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இரண்டு நாளில் மேலதிகாரி டாக்டர் கைலாசநாதன் ஜீப்பில் வந்து இறங்கினார். நானும் எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தேன். கெட்ட மனிதர் கிடையாது. இருக்கிற பத்துப் பேரை இருபது இடத்துக்குப் பிரித்து அனுப்பியே தலை நரைத்தவர். உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"மேரி, டவுன்ல ஊசிக்கு வரிசைல நிக்கிறாங்க, போட ஆள் இல்ல. இங்க ஆள் இருக்கு, வரிசை இல்ல. இதுல ஒன்பது டோஸ் வேற வேஸ்ட். நான் மேல என்ன சொல்லட்டும்?"

"தேதி தப்பு சார். தப்பு என்னோடது" என்றாள் மேரி. சுற்றி வளைக்கவில்லை.

"தற்காலிக ஆளுங்களுக்கெல்லாம் இந்த மாசக் கடைசியோட ஒப்பந்தம் முடியுது. சில இடத்துக்கு மட்டும் தொடரலாம்னு நான் சிபாரிசு பண்ணலாம். எங்க தேவை இருக்கோ அங்க. ஊசியே வேண்டாங்கிற ஊருக்கு எப்படிப் பண்றது?"

"தொடரலேன்னா இந்த நிலையம் என்னா ஆவும் சார்?" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"நெடுங்காடு ஆஸ்பத்திரிலேர்ந்து வாரம் ஒரு நாள் ஒருத்தர் வருவாங்க" என்றார். வாரம் ஒரு நாள் வருவதென்றால் எப்படி வருவார்கள் என்று எனக்குத் தெரியும். முதல் மாதம் நாலு தரம், அடுத்த மாதம் இரண்டு தரம், அப்புறம் பூட்டு. சர்க்கரை மாத்திரைக்குக்கூட சொர்ணாம்பாள் பஸ் பிடித்துப் போக வேண்டும். "இன்னொரு முகாம் போட்டுக்குங்க. அதுலயும் இப்படித்தான்னா எனக்கு எழுத ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் திரும்பியதுமே நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். வீடு வீடாகப் போய், ஊசி போட்டுக்கொள்ளாவிட்டால் மேரிக்கு வேலை போய்விடும் என்று சொல்வதாக இருந்தேன். எங்கள் ஊர் மனிதர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகக் கேட்டால் யோசிப்பார்கள். மேரிக்காக என்றால் ஓடி வருவார்கள்.

மேரி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அப்படி மட்டும் சொல்லாத."

"ஏன்? பொய்யா சொல்லப் போறேன்?"

"எனக்காகக் கை நீட்டுனா, நான் இல்லாதன்னிக்கு நீட்ட மாட்டாங்க. அவங்க உடம்புக்காக நீட்டணும்."

"நீ இல்லாதன்னிக்கு எவன் எக்கேடு கெட்டுப் போனா உனக்கென்னா? முதல்ல நீ இருக்கியான்னு பாரு."

"வேலைக்காக நான் யாரு கால்லயும் விழமாட்டேன். நீயும் எனக்காக விழாத."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பெரிய தியாகி! அவள் பிள்ளை ஆன்லினுக்கு அந்த வருஷம் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டியிருந்தது. டைட்டஸ் துறைமுகத்தில் இரட்டை ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தார். இவளுக்கு ரோஷம் மட்டும் குறைச்சல் இல்லை. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் வாசலை விட்டு நகரவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "அக்கா, காப்பு எப்ப அவுப்பாங்க?" என்றாள்.

எனக்கு முதலில் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. அவள் என்னிடம் ஒரு விஷயம் கேட்கிறாள்!

எனக்குத் தேதி தெரியும்தான். ஆனாலும் சொல்லவில்லை. "ஊர்க்காரங்கள்ல முதல் காப்பு கட்டிக்கிறவரு மருதையன் தாத்தா. அவரையே போய்க் கேளு" என்றேன்.

கேட்டாள். அன்று மாலையே என்னையும் இழுத்துக்கொண்டு போய் மருதையன் வீட்டு வாசலில் நின்று, "தாத்தா, அன்னிக்குச் சத்தம் போட்டது தப்பு. தெரியாம தேதி வச்சிட்டேன். எப்ப, எங்க வச்சு அவுப்பீங்க, கொஞ்சம் சொல்லுங்க" என்றாள். பூசாரி நடராசனும் அங்கேதான் இருந்தார். மருதையன் விலாவாரியாகச் சொன்னார். விடையாற்றி முடிந்து வெள்ளிக்கிழமை காலை, வாய்க்கால் படித்துறையில். முதலில் அம்மனுக்கு அவிழ்ப்பார்கள், பிறகு பூசாரிக்கு, பிறகு மருதையனுக்கு, அப்புறம் ஊருக்கு. நூலைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கரையேறினால் பானகமும் நீர்மோரும் கொடுப்பார்கள்.

"காப்பு இருக்கிற எல்லாரும் அங்க வருவாங்களா?"

"வராம? அவுக்காம வீட்டுக்கு எப்படிப் போறது?"

மேரி வாய்க்கால் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அப்ப நானும் அங்க ஒரு நாற்காலி போட்டுக்கட்டுமா?"

எனக்கே திக்கென்றது. படித்துறையில், அம்மன் காப்பு அவிழ்க்கும் இடத்தில், மாதா கோயிலுக்குப் போகும் வேதக்கார நர்ஸ் ஊசிப் பெட்டியோடு நாற்காலி போட்டுக்கொள்வதா? மருதையன் பூசாரியைப் பார்த்தார். நடராசன் தாடையைச் சொறிந்துகொண்டு கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார்.

"காப்பு அவுத்தாச்சுன்னா ஆத்தாவுக்கும் அந்தக் கைக்கும் கணக்கு முடிஞ்சி போச்சு. அப்புறம் நர்சம்மா பாடு, அவங்க பாடு. ஆனா அந்த ஸ்பிரிட்டு நாத்தம் ஆத்தா பக்கம் வரக் கூடாது. காத்துக்குக் கீழ்ப்பக்கமா ஒக்காந்துக்குங்க."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மேரி வந்துவிட்டாள். ஆற்றில் தண்ணீர் விட்டிருந்ததால் வாய்க்கால் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் காற்று அடிக்கிறது என்று என் முந்தானையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, புளியமரத்தடியில் கீழ்ப்பக்கமாக மேசையைப் போட்டாள். தலையில் பூ வைத்திருந்தாள், நெற்றியில் ஒன்றும் இல்லை. மேளம் அடிக்கும்போது எழுந்து நின்றாள்.

அம்மனுக்கு அவிழ்த்தார்கள், பூசாரிக்கு அவிழ்த்தார்கள். மருதையன் நூலைத் தண்ணீரில் விட்டு, முகம் கழுவி, ஈரக் கையோடு படியேறி வந்தார். எல்லாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பானகம் இருந்த அண்டாவை விட்டுவிட்டு நேரே புளியமரத்தடிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "எந்தக் கை?" என்றார்.

"எது சௌகரியமோ அது தாத்தா."

"காப்புக் கட்டாத கையில போடு" என்று இடது கையை நீட்டினார்.

அதற்குப் பிறகு எனக்கு மூச்சு விட நேரமில்லை. வலது மணிக்கட்டில் காப்பு இருந்த ஆண்கள் எல்லாம் இடது கையை நீட்டினார்கள், இடது மணிக்கட்டில் இருந்த பெண்கள் வலது கையை நீட்டினார்கள். மேரி மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாறி மாறி நின்று போட்டாள். ஊசி போட்டால் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும் என்று முந்தைய முகாம்களில் நாங்கள் கெஞ்ச வேண்டியிருக்கும். அன்று பானகம், நீர்மோர், வடைப்பருப்பு என்று மரத்தடியை விட்டு ஒருவரும் நகரவில்லை. ஒரு குப்பி தீர்ந்து அடுத்தது, அது தீர்ந்து அடுத்தது. கடைசிக் குப்பிக்கு இரண்டு பேர் குறைந்தபோது, மருதையனே தெருவுக்குப் போய் காப்பு அவிழ்த்ததும் வீட்டுக்கு நழுவிவிட்ட, அறுபதைத் தாண்டிய தன் மச்சினனையும் அவர் சம்சாரத்தையும் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு சொட்டு வீணாகவில்லை. எனக்குத் திமிர் தலைக்கேறிவிட்டது, யாராவது வந்து ஒரு கேள்வி கேட்க மாட்டார்களா என்று இருந்தது.

கைலாசநாதன் வந்தார். மரத்தடியையும் கூட்டத்தையும் பார்த்து முகம் மலர்ந்தது. ஆனாலும் மேரியைத் தனியாக அழைத்துப் பேசினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ரொம்ப நல்லா பண்ணிட்டீங்க மேரி. நான் எழுதுறேன். ஆனா உறுதி சொல்ல முடியாது. இங்க வேலை முடிஞ்சிருச்சே, இனிமே எதுக்கு அங்க ஆள்னு மேல கேட்டாலும் கேப்பாங்க."

 யாரும் வராவிட்டால் தேவை இல்லை என்கிறார்கள். எல்லாரும் வந்துவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்கிறார்கள். இதில் ஒரு மனுஷி எப்படித்தான் பிழைப்பது?

மருதையனுக்குக் காது மந்தம் என்று ஊரில் சொல்வார்கள். வேண்டாததுதான் அவருக்குக் கேட்காது. மோர் டம்ளரோடு எழுந்து வந்தார்.

"ஐயா, நர்சம்மாவ எடுக்கப் போறீங்களா?"

"எடுக்கிறதுன்னு இல்லீங்க பெரியவரே. ஒப்பந்தம் முடியுது. வேற நர்ஸ் வருவாங்க."

"அப்ப எழுதிக்குங்க. அடுத்த ஊசிக்கு இந்த ஊர்ல ஒருத்தன் கைய நீட்ட மாட்டான். பிரஷரும் பாக்க மாட்டோம், சக்கரையும் பாக்க மாட்டோம்."

"ஆமாங்க" என்று மரத்தடியே எழுந்தது. கைலாசநாதனுக்கு வியர்த்துவிட்டது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான் ஒரு வார்த்தை சொல்லாமலே ஊர் அவளுக்காக எழுந்துவிட்டது. இனி இவளை யார் அசைக்க முடியும்? வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், மேரிக்கு வேலை நிச்சயம்.

மேரி வாயை மூடவில்லை. ஊசிப் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு மருதையனிடம் போனாள்.

"தாத்தா, என்னா பேச்சு இது? யாரு வந்தா உங்களுக்கென்னா? ஊசி உள்ள போவுதே, அது என் பேரச் சொல்லிக்கிட்டா போவுது?"

"நீ இல்லாம..."

"நான் இல்லாட்டி இன்னொருத்தி வருவா. அவளும் இந்த வெயில்லதான் வருவா. அவளுக்கும் கைய நீட்டணும். நீட்டுவேன்னு சொல்லுங்க. எல்லாரும் சொல்லுங்க."

 அவள் குரல் உடைந்திருந்தது, அவளுக்கே அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. எனக்கு அவளை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

மருதையன் டம்ளரைக் கீழே வைத்தார். "நீட்டுறேன்" என்றார். அவருக்குப் பிடிக்காமல்தான் சொன்னார். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஏற்கனவே ஊசி போட்டுக்கொண்டு, தீட்டுக் கழிந்து பூஜைக்கு மட்டும் வந்திருந்த சொர்ணாம்பாளும் சேர்ந்து சொன்னார்.

மேரி முகத்தைத் துடைத்துக்கொண்டு அதிகாரியிடம் திரும்பினாள். பழைய குரல் வந்துவிட்டது.

"சார், ஊர் சொல்லியாச்சு, யாரு வந்தாலும் போட்டுக்குவாங்க. இப்ப நான் ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"இங்க ரெண்டு நர்ஸ் இருக்கணும் சார். நான் ஒருத்திதான் இருக்கேன். நான் லீவு போட்டா கதவு பூட்டிக் கெடக்கு. ஊசி முடிஞ்சதுன்னு சொல்றீங்க. ஊசிக்குன்னு கூப்பிட்டு பிரஷர் பாத்ததுல பாதிப் பேருக்கு பிரஷர் இருக்கு, அவங்களுக்கே அது தெரியாது. அதெல்லாம் யாரு பாக்குறது? என்னைய வச்சுக்குங்கன்னு கேக்கல. ரெண்டு பேரப் போடுங்கன்னு கேக்குறேன். அதுல நான் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி."

கைலாசநாதன் அவளையே பார்த்தார். ஒருத்தியை எடுக்கலாமா என்று யோசித்து வந்த மனிதரிடம் இவள் இன்னொருத்தியும் வேண்டும் என்கிறாள்.  நடராசன் கொடுத்த பானகத்தைக் குடித்துவிட்டு, கோயில் பக்கம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

மாதக் கடைசி வரை எனக்குத் தூக்கம் இல்லை. சுற்றுவட்டாரத்தில் தற்காலிகமாக இருந்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் வந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம், அவ்வளவுதான் பேச்சு. மேரி மட்டும் வழக்கம்போல வந்தாள், வழக்கம்போல என் டப்பாவில் கை வைத்தாள். பிரஷர் உள்ளவர்களை எனக்குத் தெருத் தெருவாகக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள், யாருக்கு எந்த மாத்திரை, யார் போடாமல் ஏமாற்றுவார் என்று. அவள் எதற்காகச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று தெரிந்ததால் எனக்குக் கேட்கவே பிடிக்கவில்லை. "நீயே வச்சுக்க உன் மாத்திரைய" என்று ஒருநாள் கத்திவிட்டு வெளியே போய் அழுதேன்.

கடைசி நாளும் வந்தது. மருதையனை உட்கார வைத்துக் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது போன் அடித்தது. கைலாசநாதன் பெயரைப் பார்த்ததும் நான் மேசையருகே வந்து நின்றுகொண்டேன். அவள் ஒரு கையால் பம்பை அழுத்திக்கொண்டே மறு கையால் போனைக் காதில் வைத்தாள். "சரிங்க சார்" என்றாள். கொஞ்ச நேரம் கேட்டாள். "சரிங்க சார்" என்றாள். போனை மேசையில் வைத்துவிட்டு, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, காற்று இறங்குவதை நிதானமாகக் கேட்டாள். "உப்பக் கொறைங்க தாத்தா, ஊறுகாயத் தொடவே கூடாது" என்று சொல்லிப் பட்டையை அவிழ்த்தாள்.

என்னால் தாங்க முடியவில்லை. "அடியே, என்னா சொன்னாரு? வாயத் தொறந்து சொல்லேன்!"

"ரெண்டு பேரு போட்டிருக்காங்களாம். டவுன்லேர்ந்து ஆஃப்ரின்னு ஒரு பொண்ணு, திங்கக்கிழம வருது."

"சரி, அந்த ஒருத்தி ஆஃப்ரின். இன்னொருத்தி யாரு?"

மேரி பட்டையைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தாள். மூடியை அழுத்தினாள். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள், கண்ணெல்லாம் நிறைந்திருந்தது.

"நான்தான்க்கா."